அமைதி எனும் மீனும் அதன் கோளும்

நம் நாடு பெயர் சூட்டிய விண்மீன் ஒன்று வானத்தில் உண்டு என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? தென்மீன் எனப்படும் விண்மீன் கூட்டத்திலே, ஏறத்தாழ 300 ஒளியாண்டுத் தொலைவில், நம் ஞாயிற்றை ஒத்த மீன் ஒன்று ஒளிர்கின்றது. வியாழனினும் மிக்க நிறையுடைய கோள் ஒன்று அதனைச் சுற்றி வருகின்றது. 2019 டிசம்பர் 17ஆந் திகதி, பாரிசு மாநகரிலே சர்வதேச வானியல் ஒன்றியம் வெளியிட்ட பெயர்ப் பட்டியலில், இலங்கையின் சார்பாக அம்மீனுக்குச் 'சாமய' என்றும், அக்கோளுக்குச் 'சமகிய' என்றும் பெயர்கள் இடம்பெற்றன. இரண்டும் சிங்களச் சொற்கள். முன்னது அமைதி எனப் பொருள்படும். பின்னது அமைதியான சூழலிற் கூடியிருத்தல் எனப் பொருள்படும்.

கொச்சிக்கடையிலே இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியனுக்கு வானியலில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். பொருளை ஆராய்வது வானியலார் கடன். ஆனால் பொருளுக்குப் பெயர் என்று ஒன்று வந்துவிட்டால், அங்கே சொல்லாராய்வோனுக்கும் ஒரு சிறிய மணை இடவேண்டும். இப்பெயர் பொருந்துமோ என்பது ஒரு வினா. இது நமக்கும் உரிய பெயரோ என்பது இரண்டாவது வினா. இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண் பெயரான கதை

2019க்கு முன்னர் அம்மீனுக்குப் பெயர் இல்லை; எண் ஒன்றே இருந்தது. அமெரிக்க நாட்டு ஹார்வர்ட் வானிலையத்தார் 1918 முதல் 1924 வரை வெளியிட்ட ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் 225,300 விண்மீன்கள் அடங்கியுள்ளன. அவற்றின் ஒளியைப் பகுத்து நோக்கி வகைப்படுத்தியவர் அன்னி ஜம்ப் கனன் என்னும் அம்மையார். அவ்வட்டவணையின் 205739ஆம் எண்ணே நம் மீன்.

சர்வதேச வானியல் ஒன்றியம் 1919இல் நிறுவப்பட்டது. அது தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, ஒவ்வொரு நாட்டுக்கும் அந்நாட்டிலிருந்து காணத்தக்க ஒரு மீனையும் அதன் கோளையும் ஒப்படைத்து, பெயர் சூட்டுமாறு பொதுமக்களை அழைத்தது. உலகெங்கும் 780,000க்கு மேற்பட்டோர் இம்முயற்சியிற் பங்குகொண்டனர். 112 இணைப் பெயர்கள் ஏற்கப்பட்டன.

அயல்நாட்டார் தெரிந்தெடுத்த பெயர்களைப் பார்த்தால் நமக்குப் பழகிய சொற்கள் பல எதிர்ப்படுகின்றன. வங்காள தேசத்தார் தம் மீனுக்குத் 'திமிர்' எனப் பெயரிட்டனர். நம் செவிக்கு அது வேறு பொருள் தருமாயினும், இருளைக் குறிக்கும் திமிரமே அது. மலேசியர் தம் மீனை 'இந்தான்' என்றும் கோளைப் 'பைதூரி' என்றும் மணிகளின் பெயரால் அழைத்தனர். அப்பைதூரி நம் வைடூரியத்தின் உறவு. பர்மியர் தம் மீனுக்கு ஐராவதி ஆற்றின் பெயரை இட்டனர். இந்திய நாட்டார் வங்கத்துப் பௌதிக அறிஞர் விபா சௌதுரி என்னும் அம்மையாரின் பெயரைத் தம் மீனுக்குச் சூட்டினர். ஒருவர் இருளையும், ஒருவர் மணியையும், ஒருவர் ஆற்றையும், ஒருவர் அறிஞரையும் நினைத்த வேளையில், இலங்கையர் அமைதியை நினைந்தனர். நெடுங்காலம் போரினைக் கண்ட நாடு அச்சொல்லைத் தெரிந்ததிலே வியப்பில்லை.

கோள் என்னும் சொல்

வானிலே ஒளிர்வனவற்றை நம் முன்னோர் நாண்மீன் எனவும் கோண்மீன் எனவும் இருவகைப்படுத்தினர். ஒன்றற்கொன்று நிலைமாறாது நிற்பன நாண்மீன்கள். அவற்றினூடே இடம்பெயர்ந்து திரிவன கோண்மீன்கள். கோள் என்பது 'கொள்' என்னும் பகுதி முதல் நீண்டு பெயரான சொல். கெடு என்பது கேடு என்றானாற் போல இதனைக் கொள்க. கொள்ளுதல், பற்றுதல் என்பனவே அதன் அடிப்பொருள்.

யாரை யார் பற்றியிருக்கின்றார் என்பதே கேள்வி. ஞாயிறு புவியைப் பற்றியிருக்கின்றது என்று சிறு வகுப்பிலே கற்பிக்கின்றோம். அது பாதி உண்மை. நியூட்டனார் 1687இல் வெளியிட்ட நூலிற் கண்ட முடிபின்படி ஈர்ப்பு இருபுறமும் ஒத்த வலியினது. ஞாயிறு புவியை எவ்வளவு வலியுடன் இழுக்கின்றதோ அவ்வளவு வலியுடன் புவியும் ஞாயிற்றை இழுக்கின்றது. நிறை மிக்கது குறைவாக அசைகின்றது. நிறை குறைந்தது மிகுதியாக அசைகின்றது. அசையாதது என்று ஒன்றுமில்லை.

தந்தையும் சிறு மகளும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மகள் பெரிய வட்டத்திலே பறக்கின்றாள். தந்தை நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றினும், அவர் சற்றே பின்சாய்ந்து, காலை மாற்றி மாற்றி வைத்துச் சிறு வட்டம் ஒன்றைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றார். அப்படிச் சாயாது விறைத்து நின்றால் இருவரும் விழுவர். விண்மீனும் கோளும் ஆடும் ஆட்டம் இதுவே. இரண்டும் தம்மிடையே உள்ள பொதுமையம் ஒன்றைச் சுற்றுகின்றன. நம் ஞாயிற்றுக்கும் வியாழனுக்கும் உள்ள பொதுமையம் ஞாயிற்றின் உடலுக்குச் சற்றே வெளியில் அமைந்திருக்கின்றது என்பதைக் கேட்டால் மாணாக்கர் வியப்பர்.

காணாமலே கண்டது

சமகிய என்னும் கோளை இதுவரை எவரும் கண்ணாற் கண்டதில்லை. தொலைகாட்டியிலும் அது தென்பட்டதில்லை. தன் மீனின் ஒளிவெள்ளத்திலே அது முழுவதும் மறைந்து கிடக்கின்றது. பின்னர் அஃது உண்டென எவ்வாறு துணிந்தனர்?

நம் சமய நூலார் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுப்பர். புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் கருதலளவை. மீனைக் கண்டது காட்சி. கோளை அறிந்தது கருதல். இவ்விடத்திலே புகையாக உதவியது அம்மீனின் அசைவு.

வெள்ளவத்தைக் கடற்கரையோரம் ஓடும் புகையிரதத்தின் ஊதலைக் கூர்ந்து கேளுங்கள். வண்டி நம்மை நோக்கி வருகையில் ஊதல் உயர்ந்த சுருதியில் ஒலிக்கின்றது. நம்மைக் கடந்து அகல்கையில் சுருதி தாழ்கின்றது. 1842இல் டொப்ளர் என்னும் ஒஸ்திரிய அறிஞர் இவ்வியல்பினை அலைகள் யாவற்றுக்கும் உரியதாக விளக்கினார். ஒளியும் அலையாதலின் அதற்கும் இது பொருந்தும். நம்மை நோக்கி வரும் மீனின் ஒளி சிறிதே நீலத்தின் பக்கமாகவும், நம்மை விட்டு அகலும் மீனின் ஒளி சிறிதே சிவப்பின் பக்கமாகவும் பெயர்கின்றது. மீனின் ஒளியைப் பட்டைக் கண்ணாடியால் வானவில்லாக விரித்தால், இடையிடையே மெல்லிய கருங்கோடுகள் தோன்றும். அக்கோடுகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறிமாறிப் பெயருமாயின், மீன் முன்னும் பின்னும் ஆடுகின்றது என்பது தெளிவு. ஆடுகின்றதாயின், அதனை ஆட்டுவிப்பது ஒன்று அருகே உண்டு.

சாமய எவ்வளவு ஆடுகின்றது? நொடிக்கு ஏறத்தாழ 40 மீற்றர் வேகத்திலே அது நம்மை நோக்கி வருகின்றது. பின்னர் அதே வேகத்தில் அகல்கின்றது. விரைந்தோடும் புகையிரதத்தின் வேகந்தான் அது. ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் செல்வது. ஆகவே அக்கருங்கோடுகள் பெயர்ந்த அளவு, எழுபத்தைந்து இலட்சத்தில் ஒரு பங்கு. தென்னமெரிக்காவிலே சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் மலையில் நிறுவிய 6.5 மீற்றர் ஆடியுடைய மாகெலான் தொலைகாட்டி கொண்டு இத்துணை நுண்ணிய பெயர்ச்சியை அளந்து, மெர்சிடிஸ் லோபஸ்-மொரேல்ஸ் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2008இல் இக்கோளை உலகுக்கு அறிவித்தனர்.

தமிழிலே கோள் சொல்லுதல் நல்ல குணமாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் ஒளிந்திருந்த கோளைப் பற்றி அம்மீனே நமக்குக் கோள் சொல்லிவிட்டது என்று மாணாக்கருக்குக் கூறுவேன். இலக்கணமும் வானியலும் அவர்கள் மனத்திலே ஒருங்கே பதிய அது உதவுகின்றது.

புகையும் பனியும்

கருதலளவையில் ஓர் இடர் உண்டு. பனிப்படலத்தைப் புகையென மயங்கி, ஆங்கே நெருப்பு உண்டென்று சாதிப்போரும் உளர். இதனை அளவை நூலார் ஏதுப்போலி என்பர். இத்துறையிலும் அது நிகழ்ந்தது. நிகழ்ந்த இடம் தமிழகமே.

சென்னை நுங்கம்பாக்கத்து வானிலையத்துக்கு 1855இல் தலைவராயிருந்தவர் கப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். பாம்பைப் பிடித்தவன் உருவாக மேல்நாட்டார் கற்பித்த விண்மீன் கூட்டத்தில் 70ஆம் எண் பெற்ற இரட்டை மீனை அவர் நெடிது நோக்கினார். அவ்விரு மீன்களும் ஒன்றையொன்று சுற்றும் வழி கணக்குடன் ஒத்துவரவில்லை. புலப்படாத கோள் ஒன்று அங்கே இருத்தல் கூடும் என்று அவர் அவ்வாண்டே எழுதினார். வேற்று ஞாயிற்றைச் சுற்றும் கோளைப் பற்றி, அளந்த கணக்கை ஆதாரமாகக் கொண்டு எழுந்த முதற் கூற்றுக்களுள் இது தலையாயது. பின்வந்தோர் ஆராய்ந்து, அங்ஙனம் ஒரு கோள் இல்லை என நிறுவினர். அவர் கண்டது பனி, புகையன்று. ஆயினும் பெரியதன் தடுமாற்றத்தைக் கொண்டு சிறியதைத் தேடவேண்டும் என்னும் நெறி நேரியதே.

அந்நெறிக்குத் துணையான ஒளிப்பெயர்ச்சி அளவையும் தமிழகத்தில் வளர்ந்தது. கொடைக்கானல் வானிலையத்திலே ஜோன் எவர்ஷெட் என்பார் 1909இல் ஞாயிற்றின் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை இம்முறையாலே கண்டறிந்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என வழங்குகின்றது. நம் யாழ்ப்பாணத்திலும் வானியலைத் தமிழிற் சொல்லும் முயற்சி முற்பட்டே தோன்றியது. ஹொய்சிங்டன் பாதிரியார் இந்து வானநூல் முறையைத் தமிழுடன் ஆங்கிலத்திலும் விளக்கி 1848இல் அங்கே நூல் வெளியிட்டார். வானநூல் நமக்கு அயலார் வீட்டுச் சொத்து என எண்ணுவோர் இவற்றை நினைவிற் கொள்வாராக.

ஜேக்கப் தேடியது 140 ஆண்டுகளின் பின்னரே கைகூடிற்று. மிசேல் மயோர், திதியே கெலோ என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் இருவர் 1995இல், ஞாயிற்றை ஒத்த மீனைச் சுற்றும் முதற் கோளை அறிவித்தனர். 51 பெகாசி என்னும் மீனை அக்கோள் நான்கே நாளிற் சுற்றிவிடுகின்றது. அக்கண்டுபிடிப்புக்காக அவ்விருவரும் 2019இல் நோபல் பரிசிற் பங்குபெற்றனர். இவ்வாறு அறியப்பட்ட கோள்களின் தொகை 2025இல் 6,000 என்னும் எண்ணை எட்டியது. ஒவ்வொரு நாண்மீனும் ஒரு கோண்மீனை உடைத்தாயிருக்கலாம் என்ற எண்ணம் இன்று வலுப்பெற்று நிற்கின்றது.

அவ்வுலகின் இயல்பு

சாமய நம் ஞாயிற்றினும் சற்றே பெரியது. சற்றே வெம்மை மிக்கது. சமகியவின் நிறை வியாழனின் நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கேனும் இருக்கும். 'ஏனும்' என்பதற்குக் காரணம் உண்டு. அதன் பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கின்றது என்பது அசைவளவால் மட்டும் விளங்குவதன்று. சாய்வு மிகின் நிறையும் மிகும். புவியின் நிறையொடு ஒப்பிட்டால் அது 430 மடங்குக்கு மேற்பட்டது. இத்துணை நிறையுடையவை வாயுத்திரளாகவே இருக்குமாதலின், அதன்மேல் நின்று வான் பார்க்கத் தரை இராது.

தன் மீனை ஒருமுறை சுற்ற அதற்கு ஏறத்தாழ 280 நாள் செல்கின்றது. தாய் ஒருத்தி தன் மகவைச் சுமக்கும் காலமாக நாம் கணக்கிடும் அளவே அது. அதன் பாதை புவியின் பாதையைப் போல வட்டத்தை அண்மியதன்று, நீண்டு கிடப்பது. அணுகும்போது, ஞாயிற்றுக்கும் புவிக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு நெருங்குகின்றது. அகலும்போது அத்தூரத்தினும் சற்று மிகுதியாக விலகுகின்றது. நெருங்குகையில் விரைகின்றது, விலகுகையில் தளர்கின்றது. எனினும் கை நெகிழ்வதில்லை.

அது சுற்றுகையில் சாமயவும் ஏறத்தாழ 140,000 கிலோமீற்றர் ஆரையுள்ள சிறுவட்டம் ஒன்றைச் சுற்றுகின்றது. அவ்வட்டத்தின் நடுப்புள்ளி மீனின் உடலுக்குள்ளேயே இருக்கின்றது. வெளியிலிருந்து நோக்குவார்க்கு மீன் நிலைத்து நிற்பதாகவே தோன்றும். அளந்து பார்த்தவர்க்கே அது தன் சிறு துணைக்காக இடம்பெயர்ந்து கொடுப்பது புலனாகும்.

சாமமும் உடன்பாடும்

இச்செய்தியை வகுப்பிலே கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சாமய என்பது நம்முடைய சமயம் என்ற சொல்தானோ?" என்று வினவினான். ஒலி ஒத்த அளவால் உறவு கற்பித்தல் ஆகாது எனக் கூறி, இரண்டனையும் பிரித்துக் காட்டினேன். சமயம் என்பது ஒன்றுகூடி வருதல் என்னும் அடிப்பொருளுடைய வடசொல்லின் வழியாக உடன்படிக்கை, உரிய காலம், கொள்கை எனப் பல பொருள் பெற்றது. சிங்களத்துச் சாமயவோ, நால்வகை உபாயங்களுள் முதலாவதாக நாம் எண்ணும் சாமத்தின் இனம். சாமம், தானம், பேதம், தண்டம் என்பவற்றுள் சாமமாவது இன்சொல்லால் இணங்குவித்தல். அதுவே அங்கு அமைதி என்னும் பொருளில் நிலைபெற்றது. நள்ளிரவைக் குறிக்கும் சாமம் வேறு. அது யாமத்தின் திரிபு. ஆயினும் விண்மீன் காணச் சாமத்தில் விழித்திருக்க வேண்டுமாதலின் அச்சொல்லும் அருகே வந்து நிற்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

சமகிய என்பதன் வரலாறு இன்னும் இனியது. பாளி மொழியிலே 'சமக்க' என்பது ஒன்றுபட்ட என்னும் பொருளது. நம்மவர் பொருள்களின் தொகுதியைச் சாமக்கிரி என்று வழங்கினரே, அச்சொல்லும் அக்குடும்பத்ததே. சிங்களம் கற்பிக்கும் நண்பர் ஒருவருடன் இதனைப் பற்றி உரையாடினேன். 'சமக' என்னும் சொல் அவர்கள் பேச்சில் 'உடன்' என்னும் பொருளில் நாடோறும் வழங்குவது என்று அவர் விளக்கினார். அம்மாவுடன் போனேன், நண்பனுடன் வந்தேன் என்று நாம் கூறுமிடத்தெல்லாம் அவர்கள் வாயில் அச்சொல் வருகின்றது. உடன் என்னும் சிறு சொல்லிலிருந்து தமிழ் உடன்பாடு, உடன்பிறப்பு என்பவற்றைப் படைத்துக்கொண்டது. அவ்வாறே சமக என்பதன் அருகே சமகி நிற்கின்றது. இரு மொழியும் வேறு குடும்பத்தன. ஆயினும் ஒற்றுமை என்னும் பெரும்பொருளை உணர்த்த இரண்டும் 'கூட இருத்தல்' என்னும் எளிய எண்ணத்தையே பற்றிக்கொண்டன.

அமைதி என்னும் நம் சொல்லையும் சற்று நோக்குக. சந்தடியில்லாமை என்பது பிற்காலத்து வழக்கு. 'அமை' என்பது பகுதி. அமைதல் பொருந்துதல். ஒன்று மற்றொன்றோடு பொருந்தித் தன் இடத்தில் நிற்றலே அமைதி. கோள் ஓட்டத்தை நிறுத்துமாயின் மீனுக்குள்ளே விழுந்து அழியும். ஓட்டமும் பற்றும் ஒன்றற்கொன்று அமைந்திருத்தலாலே அது நிலைபெறுகின்றது. பொருந்துமோ இப்பெயர் என்னும் முதல் வினாவுக்கு விடை இதுவே. பெரியது சிறியதற்காகச் சற்றே பெயர்ந்து கொடுப்பதனாலன்றோ அங்கே உடன்பாடு ஒன்று உண்டென உலகம் அறிந்தது? பெயர் வைத்தோர் எண்ணினரோ எண்ணவில்லையோ, அப்பெயர் அப்பொருளில் அமைந்துவிட்டது.

அந்த ஆண்டு

இரண்டாவது வினாவை எழுப்பியவள் ஒரு மாணவி. "ஐயா, நம் நாட்டு மீனுக்கு நம் மொழியிற் பெயர் இல்லையோ?" என்று அவள் கேட்டாள். அது எளிதில் விடையிறுக்கும் வினா அன்று. 1956இல் சிங்களம் மட்டுமே அரச கரும மொழி எனச் சட்டம் இயற்றிய நாடு இது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆந் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழி என ஏற்ற நாடும் இதுவே. இரு மொழி நாட்டின் இரு பெயர்களுள் ஒன்றேனும் தமிழாயின் நன்றாயிருந்திருக்கும் என அச்சிறுமி நினைத்தால், அந்நினைவு குற்றமாகாது.

ஆனால் அவள் கேட்ட இடத்தையும் நினைத்தல் வேண்டும். கொச்சியிலிருந்து வந்தோர் கடை வைத்த இடமாதலிற் கொச்சிக்கடை எனப் பெயர் வந்தது என்பர். இங்கே பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயிலும் புனித அந்தோனியார் திருத்தலமும் அண்மையில் விளங்குகின்றன. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் செல்வோருள் தமிழர், சிங்களவர் என்ற வேறுபாடில்லை. கத்தோலிக்கர் அல்லாதாரும் மெழுகுதிரி ஏற்றி வணங்குவர். இன்று நம்மை வந்தடையும் சாமயவின் ஒளி அங்கிருந்து புறப்பட்ட நாளிலே, கொழும்பில் ஒல்லாந்தர் ஆட்சி நடந்தது. கத்தோலிக்கர் மறைவிலே தொழுதனர். மறைந்து வாழ்ந்த குரு ஒருவரை இக்கரையில் மீனவர் பேணினர் என்பதே அத்திருத்தலத்தின் தோற்றம் பற்றி வழிவழி வரும் செய்தி.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று காலையில், அத்திருத்தலத்திலே குண்டு வெடித்தது. அதே நாளில் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் வெடித்த குண்டுகளால் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் தமிழும் பேசினர், சிங்களமும் பேசினர், வேற்று நாட்டு மொழிகளும் பேசினர். சமயம் என்னும் சொல்லுக்கு ஒன்றுகூடி வருதல் என்னும் அடிப்பொருள் உண்டென மேலே கூறினேன். அதன் பெயராலேயே கூடியிருந்தோரைச் சிதறடித்த நாள் அது. திருத்தலம் ஜூன் மாதத்தில் மீளத் திறக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலே, அதே நாடு தன் விண்மீனுக்கு அமைதி என்றும், அதன் கோளுக்குக் கூடியிருத்தல் என்றும் பெயர் கூறியது.

ஆகவே அம்மாணவிக்கு நான் கூறிய விடை இது: "அப்பெயர் ஒரு மொழியில் வந்தது, வந்த பொருளோ நம் எல்லோர்க்கும் உரியது. உலகப் பட்டியலில் சாமய, சமகிய என்றே அவை நிற்கட்டும். நீ படிக்கும்போது அமைதி, உடன்பாடு என்று பொருள் கூறிப் படி. சிங்களத் தோழி ஒருத்தி இருந்தால் அவளுக்கு உன் சொல்லைக் கொடு. அவள் சொல்லை நீ பெற்றுக்கொள். கொடுத்தலும் கொள்ளுதலும் இருபுறமும் நிகழ்ந்தாற்றான் அது கோள்."

அவளுக்கு மற்றொன்றும் கூறினேன். ஒன்றியம் வகுத்த விதிகளுள் ஒன்று, சூட்டும் இரு பெயரும் ஒரு கருத்தைத் தழுவியனவாக இருத்தல் வேண்டும் என்பது. பின்னர் அம்மீனைச் சுற்றும் வேறொரு கோள் கண்டறியப்பட்டால், அக்கருத்திலேயே அதற்கும் பெயரிடுதற்கு வழி இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். சாமயவுக்கு இரண்டாம் கோள் ஒன்று என்றேனும் புலப்படுமாயின், அமைதியின் வழிவரும் சொல் ஒன்று தேவைப்படும். இசைவு உண்டு, இணக்கம் உண்டு, நட்பு உண்டு. தமிழிற் சொல்லுக்கு வறுமை இல்லை. அக்கோளைக் கண்டுபிடிப்பவள் நம் வகுப்பறையிலிருந்து சென்றவளாகவும் இருத்தல் கூடாதோ?

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் சிங்கள ஆசிரியரும் சேர்ந்து கற்பித்தற்கு இதனினும் சிறந்த பாடம் எளிதிற் கிடையாது. ஒருவர் ஈர்ப்பை விளக்கலாம்; ஒருவர் கோள் என்னும் சொல்லை விளக்கலாம்; ஒருவர் சமகிய என்னும் சொல்லை விளக்கலாம். மூவரும் ஒரே மேடையிலே நின்றாற் பாடம் பாதி முடிந்தது.

புரட்டாதி இறுதியிலும் ஐப்பசியிலும் மழை விட்ட முன்னிரவுகளிலே, தென்வானத்தில் நடுவுயரத்துக்குச் சற்று மேலாக, தனித்து ஒளிரும் வெண்மீன் ஒன்றைக் காணலாம். மீனின் வாய் எனப் பொருள்படும் அரபுச் சொல்லால் அதனைப் பொமல்ஹோட் என்பர். கையை நீட்டி முட்டி பிடித்தால், அம்முட்டியின் அகலத்தில் ஒன்றரைப் பங்கு மேற்கே, சற்றே தெற்காகச் சாமய இருக்கின்றது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. நகர விளக்குகளுக்கு அப்பால் சென்று, கையிற் பிடிக்கும் இரட்டைத் தொலைகாட்டியும் வானப்படமும் கொண்டு தேடுவார்க்கு மங்கலாகத் தோன்றும். அதன் அருகேயுள்ள கோள் எந்தத் தொலைகாட்டிக்கும் தோன்றாது. மாணாக்கரை அங்கே அழைத்துச் சென்று, காண்பது அமைதி, காணாதது உடன்பாடு என்று சொல்லுங்கள். காணாததே காண்பதை அசைவிக்கின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எஞ்சியதை அவர்கள் தாமே கருதிக்கொள்வர்.